மலிவு விலையில் ஃபைபர் படகு: எதைப் பார்த்து வாங்குவது?

ஸ்கூடாய் வட்டாரத்தில் தூண்டில் பிடிக்கும் நம்மவர்களிடம் பேசினால் ஐந்து நிமிடத்தில் ஒரு கேள்வி வந்துவிடும். "குறைந்த விலையில் ஒரு ஃபைபர் போட் வாங்கலாம் என்று இருக்கிறேன், எதைப் பார்த்து வாங்குவது?" கரையில் நின்று வீசி அலுத்துப்போனவர்கள், வேலை ஓய்வுபெற்று சேமநிதிப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து வைத்திருப்பவர்கள், பிடித்த மீனை விற்றுக் கொஞ்சம் வருமானம் பார்க்க நினைப்பவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் விலையிலிருந்து தொடங்கினால் விடை கிடைக்காது. எந்தத் தண்ணீரில் ஓட்டப் போகிறீர்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஸ்கூடாய் ஆறு டாங்கா பே அருகே ஜொகூர் நீரிணையில் கலக்கிறது. அங்கே இறங்கும் படகு கிழக்கே போக முடியாது. 1924இல் கட்டி முடித்த ஜொகூர் பாலம் ஒரு கல் அணைபோல் நீரிணையை மறித்து நிற்கிறது. ஆகவே நம் படகுக்கு உள்ள வழி மேற்குதான். கேலாங் பாத்தா, பெண்டாஸ், 1998இல் திறந்த இரண்டாவது பாலத்தின் அடியில் நுழைந்து மெராம்போங் தீவு, அதற்கப்பால் தஞ்சோங் பியாய். பாலம் வரைக்கும் தண்ணீர் ஏறக்குறைய குளம்தான். சதுப்புக் காடு, சேற்றுத் திட்டு, குறைந்த ஆழம். பாலத்தைத் தாண்டியதும் கதை வேறு. தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகத்துக்கு வரும் பெரிய கப்பல்கள் எழுப்பும் அலை, கப்பல் போய்ச் சில நிமிடம் கழித்து வந்து படகின் விலாவில் மோதும்.

சியாக்காப் தேடி ஆற்று முகத்திலும் பாலத்துக்கு இப்புறமும் சுற்றுகிறவருக்கு 14 அடிப் படகும் 15 குதிரைத்திறன் எஞ்சினும் போதும். இரண்டு பேர், தூண்டில், ஒரு ஐஸ் பெட்டி. அதே படகில் நான்கு பேர் ஏறினால் மூக்கைத் தூக்கிக்கொண்டு, பின்புறம் அமுங்கி, தண்ணீரை உழுதுகொண்டுதான் போகும். எண்ணெய் மட்டும் குறையாமல் செலவாகும். டூ ஸ்ட்ரோக் 15 குதிரைத்திறன் எஞ்சினை முழு வேகத்தில் முறுக்கினால் மணிக்கு 6, 7 லிட்டர் குடிக்கும். பாலத்துக்கு அப்பால் போக ஆசை என்றால் 16 அடிக்குக் குறையாமல், விலாப் பலகை உயரமாக உள்ள படகைப் பாருங்கள். அடிப்பாகம் கூர்மையான படகு அலையை வெட்டும், ஆனால் அதிகக் குதிரைத்திறன் கேட்கும். தட்டையான படகு சிறிய எஞ்சினிலும் ஓடும், அலையில் முதுகெலும்பைப் பதம் பார்க்கும். ஸ்கூடாயிலேயே மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 120 மீட்டர் நீளத் தொட்டி ஒன்று இருக்கிறது. மாதிரிக் கலங்களை அதில் இழுத்து, தண்ணீர் எவ்வளவு தடுக்கிறது என்று அளப்பார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. வாங்கும் முன் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கும் உரிமை மட்டும் உண்டு. அதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஃபைபர் அழுகாதா?

"மரச் சம்பான் அழுகும், புழு அரிக்கும், ஃபைபர் அழுகாது" என்று விற்பவர் சொல்வார். பாதி உண்மை. கண்ணாடி இழையும் ரெசினும் அழுகாது. ஆனால் பல ஃபைபர் படகுகளின் உள்ளே மரம் ஒளிந்திருக்கிறது. எஞ்சின் மாட்டும் பின்பலகை, அடித்தளத்தின் கீழே நெடுக ஓடும் தாங்கு கட்டைகள், சில படகுகளில் தளமே கூட, ஒட்டுப்பலகையின் மேல் ஃபைபர் போர்த்தியதுதான். எஞ்சின் போல்ட்டுக்கு ஓட்டை போட்டவர் அதைச் சுற்றி ஒழுங்காக அடைக்காமல் விட்டால், அந்த வழியாக ஊறும் நீர் பலகையை உள்ளுக்குள்ளேயே கரைத்துவிடும். வெளியே பளபளவென்று சாயம். உள்ளே ஊறிய ரொட்டி.

பழைய படகு வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டிய இடம் இந்தப் பின்பலகைதான். ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் 'டக் டக்' என்று கணீரென்று ஒலிக்கும். ஊறிய இடம் தலையணையில் தட்டியதுபோல் 'தொப்' என்று கேட்கும். பிறகு எஞ்சினைச் சாய்த்துத் தூக்கி வைத்து, அதன் கீழ்ப்பகுதியைக் கையால் மெல்ல மேலும் கீழும் அசையுங்கள். பின்பலகை சேர்ந்து அசைந்தாலோ, விளிம்பில் மயிரிழை விரிசல் திறந்து மூடினாலோ, விலை எவ்வளவு குறைவானாலும் எனக்கு வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். பின்பலகையை மாற்றலாம், மாற்றுகிறார்கள். ஆனால் அந்தக் கூலியையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் அது மலிவான படகாக இருக்காது.

புதிதாகச் செய்து வாங்குகிறவருக்கு வேறு கவலை. ஃபைபர் படகு அச்சில் வார்க்கப்படுகிறது. முதலில் ஜெல்கோட் என்ற வண்ணப் பூச்சு. அதன்மேல் கண்ணாடி இழைப் பாய், ரெசின், மறுபடி பாய், மறுபடி ரெசின். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள பாய் ஒரு சுற்று போட்டால் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் தடிப்பு வரும். ஆகவே எத்தனை சுற்று போட்டார்கள் என்பதைத் தடிப்பே சொல்லிவிடும். தடிப்பை எப்படிப் பார்ப்பது? தண்ணீர் வடிய அடியில் ஓட்டை போடுவார்கள் அல்லவா, அப்போது வெட்டி எடுத்த வட்டத் துண்டைக் கேட்டு வாங்குங்கள். அதுதான் உங்கள் படகின் பிறப்புப் பத்திரம். சுற்றுகளை எண்ணலாம், காற்றுக் குமிழி இருக்கிறதா என்று பார்க்கலாம். நல்ல பட்டறைக்காரர் சிரித்துக்கொண்டே கொடுப்பார்.

உள்புறம் சாயம் பூசும் முன்னர் படகை வெயிலுக்கு எதிரே நிமிர்த்தி வைத்துப் பாருங்கள். வெளிச்சம் ஒரே சீராக ஊடுருவ வேண்டும். ஓரிடம் மட்டும் அதிகம் ஒளிர்ந்தால் அங்கே பாய் குறைவு. வெள்ளை வெள்ளையாக நார் தெரிந்தால் அங்கே ரெசின் போதவில்லை. கனமாக இருந்தால் உறுதி என்று நம்பிவிட வேண்டாம். செலவைக் குறைக்க ரெசினில் சுண்ணாம்புத் தூளை அளவுக்கு மீறிக் கலக்கிறவர்களும் உண்டு. அந்தப் படகு கனக்கும், முதல் பாறையில் உடையும்.

சுனாமிக்குப் பின் நடந்தது

இதெல்லாம் மிகைப்படுத்தல் என்று தோன்றினால் தமிழ்நாட்டுக் கரையையும் இலங்கையையும் நினைத்துப் பாருங்கள். ஃபைபர் படகு அங்கே புதிதல்ல. 1960களின் பிற்பகுதியிலேயே நார்வே நாட்டு உதவியோடு யாழ்ப்பாணத்துக் காரைநகரில் ஃபைபர் படகு கட்டும் தளம் அமைந்தது. தமிழ்நாட்டில் கட்டுமரத்துக்கு ஏற்ற இலேசான மரம் அரிதாகி விலை ஏற, ஃபைபர் மெல்ல மெல்ல அதன் இடத்தைப் பிடித்தது. 2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்தது. ஒரே காலைப்பொழுதில் ஆயிரக்கணக்கான படகுகள் போயின. உலகமெங்குமிருந்து உதவிப் பணம் வந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் படகு கேட்டார்கள், எல்லாரும் சீக்கிரம் கேட்டார்கள். அதுவரை படகு கட்டியறியாதவர்களும் அச்சு வாங்கிப் பட்டறை திறந்தார்கள்.

விளைவு என்ன? வந்து சேர்ந்த படகுகளில் பல கடலுக்குத் தகுதியற்றவை என்று ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பே எச்சரிக்க வேண்டி வந்தது. மெல்லிய அடிப்பாகம், வலுவில்லாத இணைப்பு, கவிழ்ந்தால் மிதக்க வழியில்லாத அமைப்பு. பிற்பாடு, 2009இல், கரையில் ஏற்றி இறக்கும் ஃபைபர் படகை எப்படி முறையாகக் கட்டுவது என்று அந்த அமைப்பு ஒரு பயிற்சிக் கையேட்டையே படங்களுடன் வெளியிட்டது. அந்த மீனவர்கள் படகுக்குக் காசு கொடுக்கவில்லை, இலவசமாகத்தான் பெற்றார்கள். ஆனால் ஏறிக் கடலுக்குப் போக வேண்டியவர்கள் அவர்கள்தாம்.

மூழ்கினாலும் மிதக்குமா?

மரச் சம்பான் கவிழ்ந்தாலும் மரம் மிதக்கும், பிடித்துக்கொண்டு கிடக்கலாம். ஃபைபர் அப்படியல்ல. தண்ணீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமான பொருள் அது. உள்ளே நுரையோ காற்றறையோ இல்லாவிட்டால் எஞ்சினோடு நேரே அடிக்குப் போய்விடும்.

எவ்வளவு நுரை வேண்டும்? கணக்கு எளிது. படகின் உடல் 200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அது தண்ணீருக்குள் 133 லிட்டர் இடத்தைப் பிடிக்கும். ஆக நீருக்குள் அதன் எடை சுமார் 67 கிலோ. எஞ்சின் 40 கிலோ என்றால் நீருக்குள் 35 ஆகலாம். நங்கூரம், பேட்டரி, சில்லறைச் சாமான்களுக்கு ஒரு 20. பிடித்துக்கொண்டு தொங்கும் மூன்று பேருக்கு ஆளுக்கு 10 கிலோ. கூட்டினால் 150க்கு மேல். ஒரு லிட்டர் நுரை ஏறக்குறைய ஒரு கிலோவைத் தாங்கும். எனவே 150, 160 லிட்டர் இல்லாமல் அந்தப் படகு மிதக்காது. 200 லிட்டர் இருந்தால் நிம்மதி. அது எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். அடியில் மட்டும் நுரையை வைத்தால் தண்ணீர் நிறைந்த படகு குப்புறப் புரண்டுவிடும். இரு விலாவிலும் உயரத்திலும், அணியத்திலும் பரவி இருக்க வேண்டும்.

பழைய படகில் உள்ள நுரையை நம்பாதீர்கள். ஆண்டுக்கணக்கில் தண்ணீர் குடித்து, மிதக்க வைக்க வேண்டியதே பாரமாகியிருக்கும். தளத்தில் ஒரு சிறு துளையிட்டு ஈரம் வருகிறதா என்று பார்க்க விற்பவர் சம்மதிக்க வேண்டும். ஊறியிருந்தால் ஒரு சிக்கன வழி: 20 லிட்டர் காலித் தோம்புகளை இறுக மூடி, இருக்கைகளுக்கு அடியிலும் விலாவிலும் உறுதியாகக் கட்டுங்கள். பத்துத் தோம்பு 200 லிட்டர். பார்க்க அழகாக இருக்காது.

எஞ்சினும் கடிதமும்

புது 15 குதிரைத்திறன் எஞ்சினின் விலை, 14 அடிப் படகின் விலையைத் தாண்டிவிடுவது சாதாரணம். அதனால் பழைய எஞ்சினைத் தேடுகிறோம். கியர் எண்ணெயைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. ஓடும்போது குளிர்விக்கும் நீர் பின்னால் சீராகப் பீச்ச வேண்டும். பின்பலகை 15 அங்குலமா 20 அங்குலமா என்று அளந்து, அதற்கேற்ற தண்டுள்ள எஞ்சினாகப் பாருங்கள். ரசீதும் தொடர் எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால், மலிவு என்று மகிழ வேண்டாம். அது யாரோ ஒருவர் ஜெட்டியில் பறிகொடுத்ததாக இருக்கலாம்.

அடுத்தது உரிமம். மீனைப் பிடித்து விற்கப் போகிறீர்கள் என்றால் 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி மீன்வளத் துறையின் உரிமம் வேண்டும். ஜொகூர் மீன்பிடிப் படகுகளின் விலாவில் ஜே.எச்.எஃப். என்று தொடங்கும் எண்ணைப் பார்த்திருப்பீர்கள். "லைசென்ஸோடு தருகிறேன்" என்று விற்பவர் சொன்னால், பணம் கொடுக்கும் முன்னரே துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். உரிமம் படகோடு சேர்ந்து தானாகக் கைமாறாது. பொழுதுபோக்குக்கு மட்டும் என்றால் கடல் துறையிடம் கேட்டுத் தேவையான பதிவைச் செய்துகொள்ளுங்கள். எல்லையும் பக்கத்தில்தான். 1927ஆம் ஆண்டு உடன்படிக்கையை வைத்து 1995இல் மலேசியாவும் சிங்கப்பூரும் நீரிணை எல்லையைப் புள்ளி புள்ளியாக வரையறுத்தன. மீன் கடித்துக்கொண்டிருக்கும்போது படகு அந்தப் பக்கம் மிதந்து போனால் சிங்கப்பூர்க் கடலோரக் காவல் படை வந்து நிற்கும்.

படகுக்கே எல்லாப் பணத்தையும் போட்டுவிட்டு உயிர்காப்பு அங்கிக்கு இல்லை என்று கைவிரிக்கிறவர்களைப் பற்றி எனக்கு வருத்தம் உண்டு. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, விடியலுக்கு முன்னும் காலையிலும் 'சுமத்திரா' என்ற புயல்காற்று மேற்கிலிருந்து நீரிணையைக் கடந்து வரும். தூண்டில்காரர்கள் புறப்படுவதும் அதே நேரம். மேற்கு வானம் கரிய சுவர்போல் எழுந்தால் தூண்டிலைச் சுருட்டிவிட்டுக் கரையைப் பிடியுங்கள். தலைக்கு ஓர் அங்கி, விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கயிறு, ஒரு துடுப்பு, ஒரு விசில், உறையிட்ட கைப்பேசி. அவசர எண் 999.

கடைசியாக, ஓட்டிப் பார்க்கும் நாளன்று. படகை இறக்கும் முன் உள்ளே துடைத்துக் காயவிடுங்கள். நீங்கள் எத்தனை பேர் போவீர்களோ அத்தனை பேரை ஏற்றி, அரை மணி நேரம் வேகமாகவும் மெதுவாகவும் ஓட்டுங்கள். கரையேற்றியதும் அடி ஓட்டையின் அடைப்பைக் கழற்றி, வரும் தண்ணீரை ஒரு வாளியில் பிடியுங்கள். அரைக் குவளை வந்தால் பேரம் பேசலாம். அரை வாளி வந்தால் அடைப்பைத் திருப்பி மாட்டிக் கொடுத்துவிட்டு, வந்த காரிலேயே வீட்டுக்குப் போகலாம்.