சம்பளமில்லாத கோச்: கடனும் அதிகாரமும்

சாயங்காலம் வேலை முடிந்து வந்து, பத்துப் பதினைந்து பையன்களை வைத்துக்கொண்டு விசில் ஊதுகிறவரைத் 'தன்னார்வத் தொண்டர்' என்பது அரசாணைகளின், என்.ஜி.ஓ.க்களின் மொழி. மைதானத்தில் அவர் 'அண்ணன்' அல்லது 'மாஸ்டர்'. இந்தப் பெயர் வித்தியாசத்தில்தான் விஷயம் இருக்கிறது.

தூத்துக்குடி மாவட்டத்தின் கரிசல் பகுதியில் இருக்கும் கோவில்பட்டியை எடுத்துக்கொள்வோம். தீப்பெட்டிக்குப் பேர்போன இந்த ஊரில் ஹாக்கி பல தலைமுறைகளாக ஆடப்படுகிறது. 2022 ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் இவ்வூர்க்காரர். உடன் ஆடிய அரியலூர் கார்த்தி செல்வமும் இங்கே பயின்றவர். இன்று அரசு விடுதி, செயற்கைப் புல்தரை எல்லாம் உண்டு. அவை வரும்வரை ஆட்டத்தைக் காப்பாற்றி வைத்திருந்தவை ஊர்க் கிளப்புகளும் ஆடி ஓய்ந்த மூத்தவர்களும்தான். இப்படிப்பட்டவர்களிடம் ஏன் செய்கிறீர்கள் என்று கேட்டால் வருகிற பதில் பெரும்பாலும் ஒன்றே: "எங்களுக்கும் ஒரு அண்ணன் சும்மாதான சொல்லிக்கொடுத்தாரு?"

இந்தச் 'சும்மா'வைக் கவனிக்க வேண்டும். கொடை பற்றி 1925இல் எழுதிய மார்சல் மாஸ், கொடுத்தல், பெறுதல், திருப்புதல் என்ற மூன்று கடப்பாடுகள் அதற்குள் இருப்பதாகச் சொன்னார். இங்கே பட்ட கடனைக் கொடுத்தவரிடமே திருப்ப முடியாது; அடுத்து வருகிற பையனிடம்தான் தீர்க்க முடியும். அதே மாஸ் 1934இல் உடலின் நுட்பங்கள் பற்றிப் பேசும்போது நீச்சலையும் முங்குதலையும் உதாரணம் காட்டினார். உடலில் படிந்த அறிவு இன்னொரு உடலில் ஏறாவிட்டால் அந்த ஆளோடு போய்விடும்.

கடற்கரைக்காரர்களுக்கு இது தெரிந்த சங்கதி. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. மூச்சடக்கி முங்கும் வித்தை அதன்பின் சங்குகுளிப்பவர்களிடம் தங்கியது. முங்குகிறவரின் கயிற்றைத் தோணியில் பிடித்திருப்பவர் மச்சானாக இருக்க வேண்டும் என்பது அங்கு வழங்கும் பேச்சு. கூடப்பிறந்தவளின் தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறதல்லவா? சுயநலம் கலந்த பந்தத்தைத்தான் கடல் நம்புகிறது.

கோச்சுக்கும் சுயநலம் உண்டு: ஊரில் மரியாதை, அணியில் தன் மகன், போய்விட்ட இளமை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆபத்து 'சேவை' என்கிற சொல்லில் இருக்கிறது. எந்தத் தெருப் பையன் கடைசிவரை வெளியே உட்கார்ந்திருப்பது, பெண்பிள்ளைகளுக்கு மைதானம் உண்டா, தப்புச் செய்தவனை அடிக்கலாமா, எல்லாம் அவர் முடிவு. சம்பளம் வாங்குகிறவரிடம் கணக்குக் கேட்கலாம். சும்மா செய்கிறவரிடம் கேட்டால் நன்றிகெட்டதனம் என்றாகிவிடும். அரசுக்கும் இது வசதி. பயிற்சியாளர் பணியிடம் ஒன்று மிச்சம்.

எனவே 'சேவை'யை விட்டுவிட்டுக் 'கடன்' என்றே பேசுவோம். கடனென்றால் கணக்குக் கேட்கலாம். கீழே முங்கியவர் கயிற்றை அசைத்ததும் மேலே இருப்பவர் தூக்கியே ஆக வேண்டும். அப்படிக் கயிற்றை அசைக்கிற உரிமை மைதானத்துப் பிள்ளைகளுக்கும் வேண்டும்.