அரசு வேலையும் தனியார் வேலையும்: கேட்டு வாங்க வேண்டிய பணம்

மத்திய அரசின் 7வது ஊதியக் குழு 2015 நவம்பரில் அறிக்கை கொடுப்பதற்கு முன்பு, அகமதாபாத் ஐ.ஐ.எம். மூலம் ஓர் ஒப்பீட்டு ஆய்வை நடத்தியது. ஒரே வேலைக்கு அரசில் என்ன சம்பளம், தனியாரில் என்ன சம்பளம் என்று பார்த்தார்கள். அரசில் கடைநிலை உதவியாளருக்கு எல்லாம் சேர்த்து மாதம் 22,579 ரூபாய் கிடைத்தது. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட தனியார் நிறுவனங்களில் அதே வேலைக்குக் கிடைத்தது 8,000 முதல் 9,500 ரூபாய் வரைதான். இது ஊதிய உயர்வுக்கு முந்தைய கணக்கு. அதன் பிறகு மத்திய அரசில் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளமே 18,000 ஆயிற்று.

இப்படி இருக்கும்போது அரசு வேலைக்காக ஊரே வரிசையில் நிற்பதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? 2025 ஜூலையில் நடந்த டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 3,935. விண்ணப்பித்தவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். தேர்வானவர்கள் போக, மற்றவர்களில் பலர் எங்கோ ஒரு கடையிலோ கம்பெனியிலோ பள்ளியிலோதான் வேலை செய்கிறார்கள். அரசு வேலை கிடைக்கும் வரை இது தற்காலிகம்தானே என்று, அங்கே தங்களுக்குச் சட்டப்படி சேர வேண்டியதைக் கேட்காமலேயே வருடங்களைக் கடத்திவிடுகிறார்கள். அடிமட்ட வேலைகளில் அரசுக்கும் தனியாருக்கும் உள்ள இடைவெளியில் ஒரு பெரிய பகுதி, தனியார் முதலாளி கொடுக்காமல் விட்ட, தொழிலாளி கேட்காமல் விட்ட பணம் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் ஒப்பீட்டையே சரியாகச் செய்வோம். ஆண்டுக்கு 4,20,000 ரூபாய் சி.டி.சி. (உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு) என்று ஒரு நியமனக் கடிதம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லோரும் பன்னிரண்டால் வகுத்து மாதம் 35,000 என்று சந்தோஷப்படுவார்கள். கடிதத்தின் பின்னால் இருக்கும் இணைப்பைப் பாருங்கள். நிறுவனம் கட்டும் பி.எஃப். மாதம் 1,800 வீதம் 21,600. பணிக்கொடைக்கு என்று சுமார் 10,100. குழுக் காப்பீட்டுப் பிரீமியம் 8,400. செயல்திறன் போனஸ் என்று 42,000. இவை எதுவும் மாதச் சம்பளமாகக் கைக்கு வராது. மீதியைப் பன்னிரண்டால் வகுத்தால் 28,000 சொச்சம். அதிலிருந்து உங்கள் பங்கு பி.எஃப். 1,800, தொழில் வரி எல்லாம் போகக் கையில் வருவது சுமார் 26,000.

இனி தமிழக அரசில் புதிதாகச் சேரும் ஓர் இளநிலை உதவியாளர் அல்லது கிராம நிர்வாக அலுவலரின் சீட்டு. அடிப்படை 19,500. 2025 ஜூலை நிலவரப்படி 58 விழுக்காடு அகவிலைப்படி 11,310. ஆக 30,810. ஓய்வூதியப் பங்களிப்பாக இதில் பத்து விழுக்காடு போனால் 27,700 சொச்சம். வீட்டு வாடகைப்படி தனியாகச் சேரும், மருத்துவக் காப்பீட்டுக்குக் கொஞ்சம் பிடிப்பார்கள். முதல் மாதத்தில் இரண்டு பேர் கைக்கும் வருவது ஏறக்குறைய ஒன்றுதான்.

வித்தியாசம் பிறகுதான் விரியும். அரசில் ஆண்டுதோறும் 3 விழுக்காடு உயர்வு, விலைவாசிக்கேற்ப ஆண்டுக்கு இருமுறை அகவிலைப்படி மறுநிர்ணயம், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊதியக் குழு. நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமையில் 8வது குழு இப்போது அமைந்திருக்கிறது. மத்திய அரசு ஊழியர்களில் 2025 ஏப்ரலில் வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தைத் தேர்ந்தெடுத்து, 25 ஆண்டு பணி முடிப்பவருக்குக் கடைசி 12 மாதச் சராசரி அடிப்படைச் சம்பளத்தில் பாதி ஓய்வூதியமாகக் கிடைக்கும். தனியார் தொழிலாளிக்கு பி.எஃப். வழி வரும் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014இல் நிர்ணயித்த 1,000 ரூபாயிலேயே நிற்கிறது. அந்த ஆயிரம் ரூபாய்தான் என்னைப் பொறுத்தவரை இந்த ஒப்பீட்டிலேயே மிகவும் வருத்தம் தருவது.

அரசுச் சம்பளம் அசையாதது என்றும் நினைக்க வேண்டாம். கொரோனா காலத்தில் 2020 ஜனவரி, ஜூலை, 2021 ஜனவரி ஆகிய மூன்று தவணை அகவிலைப்படியை மத்திய அரசு நிறுத்தியது. அந்த 18 மாத நிலுவை திரும்ப வரவே இல்லை. தமிழகத்தில் ஈட்டிய விடுப்பை ஒப்படைத்துப் பணம் பெறும் சரண்டர் வசதியும் 2020இல் நின்றது. ஐந்து ஆண்டுக்கு மேல் கழித்துத்தான் திரும்பியது.

போனஸுக்கு வருவோம். இங்கே நிலைமை தலைகீழ் என்பது பலருக்குத் தெரியாது. அரசுத் துறை ஊழியருக்குப் போனஸ் சட்டப்படியான உரிமை இல்லை. ஆண்டுதோறும் அரசாணை வந்தால் உண்டு. ரயில்வே ஊழியருக்கு 78 நாள் சம்பளம் போனஸ் என்று செய்தி வரும்போது பெரிய தொகை போலத் தோன்றும். மாதச் சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் 7,000 என்று வைத்தே கணக்கிடுவதால் அதிகபட்சம் 17,951 ரூபாய்தான். தமிழக அரசின் சி, டி பிரிவு ஊழியருக்குப் பொங்கல் போனஸ் உச்சவரம்பு 3,000. மின்வாரியம், போக்குவரத்துக் கழகம் போன்ற பொதுத்துறை நிறுவனங்களில் தீபாவளிக்கு 20 விழுக்காடு என்று அறிவிப்பார்கள். அதுவும் அதே 7,000 கணக்கில் 16,800.

தனியாரில் போனஸ் கேட்டு வாங்கும் உரிமை. 1965ஆம் ஆண்டு போனஸ் சட்டம் கொடுத்த உரிமை அது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்புக்குள் அந்தச் சட்டம் இப்போது அடங்கிவிட்டது. இருபது பேரோ அதற்கு மேலோ ஆண்டில் ஒரு நாளாவது வேலை செய்த நிறுவனமாக இருந்தால் போதும். அந்த ஆண்டில் நீங்கள் 30 நாள் வேலை செய்திருந்தால், குறைந்தது 8.33 விழுக்காடு தர வேண்டும். பன்னிரண்டில் ஒரு பங்கு அது, அதாவது ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம். லாபம் கூடினால் 20 விழுக்காடு வரை போகலாம். நஷ்டம் என்று சொல்லி 8.33ஐ மறுக்க முடியாது. புதிதாகத் தொடங்கிய நிறுவனத்துக்கு மட்டும் முதல் ஐந்து ஆண்டில் லாபம் வந்த வருடத்துக்குத்தான் கடமை. யார் யாருக்கு என்ற சம்பள உச்சவரம்பு பழைய சட்டத்தில் மாதம் 21,000. புதிய தொகுப்பில் அதை அரசு அறிவிக்கை மூலம் நிர்ணயிக்கும். கணக்கிடும் தொகை, அறிவிக்கப்பட்ட வரம்பு அல்லது குறைந்தபட்சக் கூலி, இரண்டில் எது அதிகமோ அது. இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் பல கணக்குப் பிள்ளைகள் மறந்துவிடுகிறார்கள். குறைந்தபட்சக் கூலி 12,000 ஆக இருக்கும் ஒரு வேலைக்கு 7,000 வைத்துக் கணக்குப் போட்டால், தொழிலாளிக்கு ஆண்டுக்கு ஐயாயிரம் ரூபாய் குறைகிறது.

தீபாவளிக்கு முதல் நாள் இரவு, கடை சாத்தும் நேரத்தில் ஒரு புடவை அல்லது வேட்டி சட்டை, ஒரு ஸ்வீட் பாக்ஸ், கவரில் ஆயிரமோ இரண்டாயிரமோ கொடுப்பது நம் ஊர் ஜவுளிக்கடைகளிலும் பாத்திரக்கடைகளிலும் வழக்கம். வாங்குபவர்களும் கும்பிட்டு வாங்கிக்கொள்கிறார்கள். கொடுப்பவரின் நல்ல மனதை நான் குறை சொல்லவில்லை. கவரில் தந்த பணத்தைப் போனஸில் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அது மிச்சத்தை மறுக்கக் காரணம் ஆகாது. கணக்காண்டு முடிந்து எட்டு மாதத்துக்குள், வங்கிக் கணக்கில், முழுத் தொகையும் வந்து சேர வேண்டும். நடுவில் வேலையை விட்டவருக்கும் வேலை செய்த காலத்துக்கு உண்டு. மோசடி, வன்முறை, திருட்டு போன்ற குறிப்பிட்ட காரணங்களுக்காக நீக்கப்பட்டவருக்குத்தான் கிடையாது.

மேலே சொன்ன 42,000 ரூபாய் செயல்திறன் போனஸ் வேறு வகை. அது ஒப்பந்தத்தில் மட்டுமே நிற்கிறது. பெரும்பாலான கடிதங்களில் நிறுவனத்தின் இலக்கும் உங்கள் மதிப்பீடும் சரியாக இருந்தால் என்று ஒரு நிபந்தனை இருக்கும். பட்டுவாடா நாளில் பணியில் இருக்க வேண்டும் என்று இன்னொன்று இருக்கும். கையெழுத்துப் போடும் முன் அந்த வரிகளைக் காட்டச் சொல்லுங்கள். அந்தத் தொகையை நம்பி மாதத் தவணை எதையும் எடுக்காதீர்கள்.

தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. கல்வி நிறுவனங்களுக்கு இந்தப் போனஸ் அத்தியாயம் பொருந்தாது. ஆனால் பணிக்கொடை உண்டு. 2009இல் வந்த திருத்தம் 1997 ஏப்ரல் 3 முதலே ஆசிரியர்களுக்கு அந்த உரிமையைக் கொடுத்தது. பள்ளி நிர்வாகங்கள் எதிர்த்து வழக்குப் போட்டன. 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பளித்துவிட்டது. கணக்கு எளிது: கடைசிச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, பணி ஆண்டுகளால் பெருக்குங்கள். கடைசி அடிப்படைச் சம்பளம் 13,000, பணி எட்டு ஆண்டு என்றால் 60,000 ரூபாய். வேலையை விட்ட எத்தனை ஆசிரியைகள் இந்தப் பணத்தை வாங்கியிருக்கிறார்கள்? தெரிந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஐந்து ஆண்டுத் தொடர் பணி வேண்டும் என்பது பொது விதி. இப்போது குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்தம் போட்டு எடுக்கப்படுபவருக்கு ஓர் ஆண்டே போதும்.

அடிப்படைச் சம்பளத்தை 6,000 என்று காட்டி, மிச்சத்தை எல்லாம் படிகளாக எழுதும் பழக்கத்துக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பு முட்டுக்கட்டை போட்டிருக்கிறது. படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை சம்பளமாகவே கொள்ளப்படும். பணிக்கொடை கூடும், பி.எஃப். கணக்கும் மாறலாம்.

அரசு அலுவலகத்தில் வேலை, ஆனால் அரசு வேலை இல்லை என்ற நிலையில் இருப்பவர்கள் வேறொரு கூட்டம். ஒப்பந்ததாரர் வழியாக எடுக்கப்பட்ட கணினி இயக்குபவர், காவலாளி, மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர், தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்பு தூய்மைப் பணியாளர்கள் பல நாள் உட்கார்ந்து போராடியது இந்தப் பிரச்சினைக்காகத்தான். பஞ்சாப் அரசு எதிர் ஜக்ஜித் சிங் வழக்கில் 2016 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒன்றைத் தெளிவாகச் சொன்னது: நிரந்தர ஊழியர் செய்யும் அதே வேலையைச் செய்யும் தற்காலிக ஊழியருக்கு, அந்தப் பதவியின் ஊதிய விகிதத்தில் குறைந்தபட்சமாவது தர வேண்டும். ஒப்பந்ததாரர் சம்பளம் தராவிட்டால், நிறுவனத்தின் உரிமையாளரே பொறுப்பு என்று ஊதியச் சட்டத் தொகுப்பும் சொல்கிறது. அலுவலகம் ஓர் ஆளுக்கு எவ்வளவு என்று ஒப்பந்ததாரருக்குக் கொடுக்கிறது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். அந்தத் தாளையும் உங்கள் வங்கிப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்தால், நடுவில் போகும் பணம் தெரிந்துவிடும்.

சம்பள ஆசையைக் காட்டி ஏமாற்றுபவர்களைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. டி.என்.பி.எஸ்.சி.யில் நிரந்தரப் பதிவுக்கு 150 ரூபாய், குரூப் 4 தேர்வுக் கட்டணம் 100 ரூபாய். இதற்கு மேல் யார் கேட்டாலும் அது திருட்டுப் பணம். 2019 குரூப் 4 தேர்வில் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் நடந்த முறைகேட்டில் 99 பேருக்கு வாழ்நாள் தடை விழுந்தது. லஞ்சம் கொடுப்பதும் 2018 திருத்தத்துக்குப் பின் குற்றம். வற்புறுத்தலால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால்தான் பாதுகாப்பு. நிலத்தை விற்றுப் பணம் கட்டியவர்கள் அவமானத்துக்குப் பயந்து மாதக்கணக்கில் மறைக்கிறார்கள். அந்த மாதங்கள் தரகருக்குத்தான் லாபம். மாவட்டக் குற்றப்பிரிவுக்கு உடனே போங்கள். ஆன்லைனில் அனுப்பிய பணம் என்றால் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அன்றே அழையுங்கள்.

தனியாரில் வர வேண்டியது வராவிட்டால் முதலில் எழுத்தில் கேளுங்கள், பதிவுத் தபாலிலோ மின்னஞ்சலிலோ. சம்பளச் சீட்டு தருவது முதலாளியின் கடமை. தராவிட்டால் வங்கிக் கணக்கு, வருகைப் பதிவின் போட்டோ, மேற்பார்வையாளர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் எல்லாம் நீங்கள் அங்கே வேலை பார்த்ததற்குச் சான்றுதான். பி.எஃப். பாஸ்புக்கை உமங் செயலியில் மாதந்தோறும் பாருங்கள். சம்பளத்தில் பிடித்த பணத்தைக் கட்டாமல் வைத்துக்கொள்வது குற்றவியல் நம்பிக்கை மோசடி. வேலையை விட்டாலும் நீக்கப்பட்டாலும் சம்பள பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் தீர்க்க வேண்டும். பணிக்கொடைக்கு முப்பது நாள். தாமதத்துக்கு வட்டி உண்டு.

பதில் இல்லை என்றால் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகம். வக்கீல் இல்லாமலும் மனு கொடுக்கலாம். புதிய சட்டத் தொகுப்பில் கோருவதற்குக் கெடு மூன்று ஆண்டு. பாக்கியோடு, அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்கவும் அதிகாரிக்கு இடம் உண்டு. பணத்தைக் கொடுத்துவிட்டோம் என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால், அதே கடையில் பாக்கி உள்ள நாலைந்து பேர் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுங்கள். மனுவின் நகலில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.