பாட்டியின் கண்ணில் போர்விமான ஜன்னல்! தெரியுமா?

கண்புரை ஆபரேஷன் முடிந்து, கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள், “கண்ணுக்குள்ள என்ன வச்சாங்க பாட்டி?” என்று. “என்னவோ லென்ஸாம்ப்பா” என்பார். அந்த லென்ஸின் பூர்வீகம் ஒரு போர்விமானத்தின் ஜன்னல் என்று சொன்னால் நம்புவாரா? அதை உள்ளே வைக்க வழி செய்தது பல் டாக்டரின் கருவியும் சேவல் கொண்டையும் என்று சொன்னால்? “போடா, கதை விடாதே” என்று விரட்டிவிடுவார். ஆனால் அத்தனையும் நிஜம்!

1940. இங்கிலாந்தின் வானத்தில் ஜெர்மானிய விமானங்களோடு கடும் சண்டை. ‘ஹரிகேன்’ விமானி கார்டன் கிளீவர் அன்று கண்களை மூடும் கவசக் கண்ணாடி போட்டிருக்கவில்லை. குண்டு பாய்ந்து விமானிக் கூண்டின் மூடி சிதறியது. கண்களில் பிளாஸ்டிக் சில்லுகள்! ஒரு கண் போயே போய்விட்டது. அவரைப் போன்ற விமானிகளுக்குச் சிகிச்சை செய்த டாக்டர் ஹெரால்டு ரிட்லி ஒன்றைக் கவனித்தார். சாதாரணமாக ஒரு தூசி விழுந்தாலே சிவந்து, கலங்கி, ஊரைக் கூட்டுகிற கண், இந்த ‘பெர்ஸ்பெக்ஸ்’ பிளாஸ்டிக் சில்லுகளை மட்டும் வருஷக்கணக்கில் உள்ளேயே வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறது! வீக்கமில்லை, சீழில்லை.

அதற்கப்புறம் ஒரு நாள் ரிட்லி புரையை, அதாவது கலங்கிப்போன இயற்கை லென்ஸை, எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த மருத்துவ மாணவர் ஒருவர் கேட்டார்: “எடுத்த லென்ஸுக்குப் பதிலாக வேறொன்று வைக்க மாட்டீர்களா?” விவரம் தெரிந்த யாரும் கேட்காத கேள்வி. 1949 நவம்பர் 29, லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனை. 45 வயதுப் பெண் ஒருவரின் கண்ணுக்குள் மனிதன் செய்த முதல் லென்ஸ் நுழைந்தது. அதே பெர்ஸ்பெக்ஸ்தான், இன்னும் சுத்தமாகக் காய்ச்சிய ரகம்!

உடனே மாலை மரியாதை நடந்திருக்கும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். முதலாவது, பவர் கணக்கு தப்பிப் போய், அந்தப் பெண்ணுக்குப் பெரிய மைனஸ் பவர் வந்துவிட்டது. இரண்டாவது, 1951 வரை ரகசியமாக வைத்திருந்துவிட்டு ரிட்லி வெளியே சொன்னபோது, பெரிய தலைகள் சீறின. கண்ணுக்குள் விழுந்ததை வெளியே எடுப்பதுதானே வைத்தியம், இந்த ஆள் வெளியே இருப்பதை உள்ளே வைக்கிறாரே! அமெரிக்க அரசு இந்த லென்ஸுக்கு முறையான அனுமதி கொடுத்தது 1981-இல். முதல் லென்ஸ் வைத்து முப்பது வருஷத்துக்கும் மேல்!

அந்த இடைக்காலத்தில் புரை எடுத்துக்கொண்டவர்கள் என்ன செய்தார்கள்? சோடாபுட்டி கண்ணாடிதான்! பிளஸ் பத்து பவர் வாக்கில், மூக்கை அழுத்தும் கனத்தில். பொருளெல்லாம் கால் பங்கு பெரிதாகத் தெரியும். நேரான நிலைப்படி வளையும். டம்ளரில் ஊற்றிய காபி மேஜையில் ஓடும். அந்தக் காலத்துத் தாத்தாக்கள் ஏன் அப்படித் தடவித் தடவி நடந்தார்கள் என்பது இப்போது புரிகிறதா?

அதற்கும் முந்தைய கதையை நெஞ்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு படியுங்கள். நூற்றாண்டுக் கணக்கில் உலகம் முழுக்க நடந்தது, ஊசியால் புரையைக் கண்ணுக்குள்ளேயே கீழே தள்ளிவிடுவது. பண்டைய இந்திய மருத்துவர் சுசுருதர் சொன்ன ஊசிக்கு வாற்கோதுமை போன்ற முனை. இசைமேதை பாக்குக்கு 1750-இல் இரண்டு முறை கண் ஆபரேஷன். செய்த ஆள் ஊர் ஊராகச் சுற்றிய தம்பட்டக்காரர். பாக் அதே வருஷம் இறந்துபோனார். புரையை வெளியே எடுத்துப் போடும் முறையை 1747-இல் பிரெஞ்சு டாக்டர் டாவியேல் தொடங்கிவிட்டிருந்தார்தான். ஆனால் மரத்துப்போக மருந்து? கிடையாது! 1884-இல் வியென்னாவில் கார்ல் கோலர் கண்ணில் கொக்கைன் சொட்டு விட்டுப் பார்க்கும்வரை, நோயாளி முழு விழிப்போடு பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்க வேண்டியதுதான். நம் தஞ்சாவூர் சரபோஜி மன்னர் கண் நோயாளிகளின் விவரங்களைக் கண்ணின் வண்ணப்படத்தோடு எழுதிவைக்கச் செய்தார் தெரியுமா? சரஸ்வதி மகால் ஏடுகளில் அவை இருக்கின்றன. இது கொக்கைன் சொட்டுக்கும் அரை நூற்றாண்டு முன்னால்!

சரி, பல் டாக்டருக்கு வருவோம். 1960-களில் நியூயார்க்கில் சார்லஸ் கெல்மன் என்ற கண் டாக்டர் பல் சுத்தம் செய்துகொள்ள நாற்காலியில் சாய்ந்தார். காதுக்குக் கேட்காத வேகத்தில் அதிரும் கருவி பல்லில் படிந்த காரையைப் பொடியாக்கியது. பல் மட்டும் அசையவில்லை! துள்ளி எழுந்தார். அதே மாதிரி, லென்ஸைச் சுற்றியுள்ள பையைக் கிழிக்காமல் உள்ளே கலங்கிய பருப்பை மட்டும் நொறுக்கி உறிஞ்சினால்? 1967-இல் முதல் நோயாளிக்கு மணிக்கணக்கில் பிடித்த அந்த வேலைதான் இன்று கால் மணியில் முடிகிற ‘ஃபேகோ’. விநாடிக்குச் சுமார் 40,000 அதிர்வு! இதில் மலைக்க வேண்டியது அதிர்வல்ல, அந்தப் பைதான். அதன் பின்சுவர் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 250-இல் ஒரு பங்கு கனம். வெங்காயச் சருகெல்லாம் அதன் பக்கத்தில் கோணிச்சாக்கு!

அவ்வளவு மெல்லிய இடத்தில் கருவி புகும்போது கண் சுருங்கிவிடாமல் தாங்கிப் பிடிக்க ஒரு கொழகொழ பசை வேண்டுமே. அதுதான் சேவல் கொண்டை! அதில் நிறைந்திருக்கும் ஹயலுரானிக் அமிலத்தைச் சுத்தமாகப் பிரித்தெடுத்தவர் எண்ட்ரே பலாஸ் என்ற விஞ்ஞானி. பிறகு கிருமிகளை வளர்த்து அதே பொருளை வடிக்கவும் கற்றுக்கொண்டார்கள். சேவல்கள் பிழைத்தன.

லென்ஸின் வட்டம் 6 மில்லிமீட்டர், கீறலோ 3 மில்லிமீட்டருக்கும் குறைவு. எப்படி நுழையும்? இன்றைய லென்ஸ் வளையும் ரகம்; பாயைப் போல் சுருட்டி ஒரு குழாய் வழியாகத் தள்ளுகிறார்கள். உள்ளே போனதும் மெல்ல விரிந்து, இரண்டு கைகளையும் நீட்டிப் பையைப் பிடித்துக்கொள்கிறது. தையல் கிடையாது! ஆனால் முன்கூட்டியே கண்ணின் நீளத்தை அளப்பதில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் கண்ணாடி பவர் இரண்டரைக்கு மேல் தப்பிவிடும். ஆபரேஷனுக்கு முன் “தாடையை இதுல வைங்க, அசையாதீங்க” என்று அதட்டுகிறார்களே, அதற்காகத்தான். புரை வந்த நாய்க்கும் இதுபோல லென்ஸ் வைப்பதுண்டு, ஐயா! நமக்கு இருபது பவர் சொச்சம், நாய்க்கு நாற்பதுக்கு மேல்.

சரி, காத்திருக்கும் கூட்டத்துக்கெல்லாம் எப்படி வேகமாக ஆபரேஷன் செய்வது? மாஸ்கோவில் ஃபியோதொரோவ் என்ற டாக்டர் நோயாளிகளை நகரும் மேஜைகளில் படுக்கவைத்தார். மேஜை நகர நகர ஒவ்வொரு டாக்டரும் ஒவ்வொரு வேலை! நம் மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி வேறு மாதிரி யோசித்தார். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன கைகளாலேயே ஆயிரக்கணக்கான கண்களுக்கு ஆபரேஷன் செய்த அந்த மனிதர், அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்று 1976-இல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இரண்டு மேஜை, நடுவில் திரும்பும் ஒரே மைக்ராஸ்கோப். இந்தக் கண் முடிவதற்குள் அடுத்த கண் தயார்! அப்போது வெளிநாட்டு லென்ஸ் நூறு டாலர் வாக்கில் விற்றது; ஏழைக்கு அது கனவு. 1992-இல் மதுரையிலேயே ஆரோலேப் பிறந்தது, விலை பத்து டாலர் வாக்கில் இறங்கியது. இன்று அந்த லென்ஸ் உலகின் பல மூலைகளுக்குப் போகிறது. என்னைக் கேட்டால் ஃபேகோவைவிட இதுதான் பெரிய அதிசயம்.

ஆமாம், விமானி கிளீவர் என்ன ஆனார்? மிச்சமிருந்த ஒரே கண்ணில் வயதான காலத்தில் அவருக்கும் புரை வந்தது. அதை எடுத்துவிட்டு உள்ளே வைத்தார்கள், ஒரு பிளாஸ்டிக் லென்ஸ்!