மருந்தாலைக் கழிவுநீரும் நுண்ணுயிர்களின் மருந்தெதிர்ப்பும்: படான்செரு காட்டும் சிக்கல்

முன்னுரை

நுண்ணுயிர் எதிர்ப்பிகள், அதாவது ஆன்டிபயாட்டிக் மருந்துகள், நீர்நிலைகளைச் சென்றடையும் வழிகள் பல. மனிதரும் கால்நடைகளும் உட்கொள்ளும் மருந்தின் ஒரு பகுதி சிதைவுறாமல் கழிவுடன் வெளியேறுகிறது. மருத்துவமனைக் கழிவுநீரும் மீன்வளர்ப்புக் குளங்களும் இதனைப் பெருக்குகின்றன. எனினும், பயன்பாட்டின் வழி நீரில் கலக்கும் மருந்தின் செறிவு பெரும்பாலும் லிட்டருக்கு நானோகிராம் முதல் சில மைக்ரோகிராம் வரையே அமைகிறது. மருந்து உற்பத்தியாகும் இடத்தின் கழிவுநீர் இக்கணக்கிற்குள் அடங்குவதில்லை. ஐதராபாத்தை அடுத்த படான்செரு தொழிற்பகுதி இதற்குத் தக்க சான்றாகும்.

படான்செருவின் கழிவுநீர்

இப்பகுதியில் ஏறத்தாழ 90 மொத்த மருந்து உற்பத்தி ஆலைகளின் கழிவுநீரைப் பெற்றுவந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றை, சுவீடனைச் சேர்ந்த ஜோக்கிம் லார்சன் குழுவினர் ஆராய்ந்து 2007இல் முடிவுகளை வெளியிட்டனர். சுத்திகரிக்கப்பட்டு வெளியேறிய நீரில் சிப்ரோஃபிளாக்சசின் லிட்டருக்கு 31,000 மைக்ரோகிராம் வரை இருந்தது. அம்மருந்தை உட்கொள்ளும் நோயாளியின் குருதியில் காணப்படும் உச்ச அளவைவிட இது மிகுதி. நாளொன்றுக்கு வெளியேறிய சிப்ரோஃபிளாக்சசின் ஏறத்தாழ 45 கிலோகிராம் என மதிப்பிடப்பட்டது. அது அன்றைய சுவீடன் மக்கள் அனைவரும் ஐந்து நாள்களில் உட்கொண்ட அளவிற்குச் சமம். மருந்தெதிர்ப்புப் பாக்டீரியாக்கள் தேர்வுபெறாதிருக்க ஏற்கத்தக்க வரம்பாக 2016இல் இம்மருந்திற்கு முன்மொழியப்பட்ட செறிவோ லிட்டருக்கு 0.064 மைக்ரோகிராம்தான். இரண்டிற்கும் இடையே ஏறத்தாழ 4.8 லட்சம் மடங்கு வேறுபாடு உள்ளது.

அந்நீர் இசகவாகு, நக்கவாகு ஓடைகளின் வழியே மஞ்சீராவை அடைந்து கோதாவரியில் கலந்தது. 2009இல் வெளிவந்த தொடராய்வு, அப்பகுதி ஏரிகளிலும் கிராமக் கிணறுகளிலும் மருந்தெச்சங்கள் இருப்பதைக் காட்டியது. பின்னர்க் கழிவுநீர் குழாய்வழியே அம்பர்பேட்டைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, மூசி ஆற்றின் பக்கம் திருப்பப்பட்டது. இடமாற்றத்தைத் தீர்வெனக் கருதுவதற்கில்லை.

சுத்திகரிப்பே விளைநிலமாதல்

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கரிமப் பொருள்களைச் சிதைக்கப் பாக்டீரியாக்களையே நம்பியுள்ளன. சிப்ரோஃபிளாக்சசின் அடங்கும் ஃபுளூரோகுயினலோன் வகை மருந்துகள் செயற்கையாகத் தொகுக்கப்பட்டவை. பாக்டீரியாக்களால் எளிதில் சிதைவதில்லை. கசடிலும் வண்டலிலும் ஒட்டி நெடுநாள் தங்குகின்றன. பாக்டீரியாக்களைக் கொல்லும் மருந்தினூடே பாக்டீரியாக்களை வளர்க்கும் இம்முரணில், மருந்தைத் தாங்கவல்லவை மட்டுமே பிழைத்துப் பெருகுகின்றன. படான்செருவில் நுண்ணுயிர்ச் செயற்பாட்டை ஊக்குவிக்க வீட்டுக் கழிவுநீரும் சேர்க்கப்பட்டது. அதன்வழி மனிதக் குடலின் பாக்டீரியாக்களும் தொட்டிக்குள் வந்தன. பிளாஸ்மிட், இன்டெக்ரான் முதலிய நகரும் மரபணுக் கூறுகள், ஓரினத்தின் எதிர்ப்பு மரபணுவை வேறோர் இனத்திற்குக் கடத்த வல்லவை. நோய் விளைவிக்காத நீர்ப் பாக்டீரியாவிடம் உள்ள மரபணு நோய்க்கிருமியைச் சென்றடைவதற்கு இதைவிட வாய்ப்பான சூழலைக் கருதுவது அரிது.

இது வெறும் ஊகமன்று. அந்நிலையத்திலிருந்து பிரித்தெடுத்த பாக்டீரியாக்களை 39 மருந்துகள் கொண்டு சோதித்த 2013ஆம் ஆண்டு ஆய்வில், 86 விழுக்காடு வகைகள் 20 அல்லது அதற்கு மேற்பட்ட மருந்துகளை எதிர்த்து வளர்ந்தன. மருந்தாலைக் கழிவால் மாசுற்ற காஜிப்பள்ளி ஏரியில், எதிர்ப்பு மரபணுக்கள் சுவீடன் ஏரி ஒன்றில் உள்ளதைப் போல் ஏறத்தாழ 7,000 மடங்கு மிகுந்திருந்தமை 2014இல் கண்டறியப்பட்டது.

நீர்வாழ் உயிர்கள்

பாக்டீரியாக்களின் ஒளிச்சேர்க்கை வகையான நீலப்பச்சைப் பாசிகளும் நைட்ரஜன் சுழற்சியை நடத்தும் நுண்ணுயிர்களும் இம்மருந்துகளால் நேரடியாகத் தாக்குறுகின்றன. அதனால் நீர்நிலையின் உணவுச் சங்கிலி அடித்தளத்திலேயே பாதிக்கப்படலாம். படான்செருக் கழிவுநீரை 0.2 விழுக்காடு மட்டும் கலந்த நீரில் வளர்க்கப்பட்ட தலைப்பிரட்டைகளின் வளர்ச்சி 40 விழுக்காடு குறைந்தது. அக்கழிவுநீரில் பலவகை மருந்துகள் கலந்திருந்தமையால் இவ்விளைவை நுண்ணுயிர் எதிர்ப்பிகள் மீது மட்டும் சுமத்துதல் பொருந்தாது.

விதிமுறையில் விடுபட்டது

கழிவுநீரின் தரம் வழக்கமாக உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, வேதி ஆக்சிஜன் தேவை, கரைந்த திண்மங்கள் ஆகியவற்றால் அளக்கப்படுகிறது. மைக்ரோகிராம் அளவிலேயே தீங்கிழைக்கும் மருந்தினை இவ்வளவுகோல்கள் காட்டிக்கொடுப்பதில்லை. இவற்றில் தேறிய நீரும் மருந்தெதிர்ப்பை வளர்க்கக்கூடும். இக்குறையை நீக்கும் வகையில், 121 நுண்ணுயிர் எதிர்ப்பிகளுக்கு எச்ச வரம்பு விதிக்கும் வரைவினை இந்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2020 ஜனவரியில் வெளியிட்டது. 2021 ஆகஸ்டில் வந்த இறுதி அறிவிக்கையில் அவ்வரம்புகள் இடம்பெறவில்லை. செலவு, ஆய்வக வசதியின்மை ஆகியன தொழில்துறைக்கு மெய்யான இடர்களே. ஆயினும், ஆலையின் கழிவு பொதுக் குழாயில் கலக்குமுன் அதன் வாயிலிலேயே அளத்தல், எந்த மருந்தை எவ்வாலை வெளியேற்றுகிறது என்பதை அறிய உதவும்; 90 ஆலைகளின் நீர் ஒரே தொட்டியில் கலந்தபின் அதனை அறிய இயலாது. உற்பத்திக் கழிவுநீர் குறித்து உலக சுகாதார நிறுவனம் 2024 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல் இலக்குச் செறிவுகளை முன்வைக்கிறது. எனினும் அது எந்நாட்டையும் சட்டப்படி கட்டுப்படுத்துவதன்று.