சுஜாதாவும் விஞ்ஞானக் கதையும்

இன்று அறிந்ததொன்று வளரின் என்னாகும் என வினவி, நாளையை ஊகித்து உரைப்பது விஞ்ஞானக் கதை. தமிழில் அந்நெறியைப் பரப்பியவருள் தலையாயவர் சுஜாதா என்னும் ரங்கராஜன் (1935–2008) ஆவர். நம் வேப்பந்தட்டைக்குத் தெற்கே, காவிரி சூழ் திருவரங்கத்தில் வளர்ந்து, திருச்சி புனித வளனார் கல்லூரியிற் பயின்ற அவர், பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் பொறியாளராய் மின்னணு வாக்குப்பதிவு இயந்திர ஆக்கத்தை மேற்பார்வையிட்டார். எழுத்தறியாதாரும் சின்னம் நோக்கிப் பொத்தானை அழுத்தத்தக்க கருவி அது. அவரது ‘என் இனிய இயந்திரா’விலோ, இயந்திரங்கொண்டு மக்களை அடக்கும் ஆட்சியை எதிர்க்கும் பெண்ணொருத்திக்கு ஜீனோ என்னும் இயந்திர நாய் துணைநிற்கின்றது. கருவி விடுவிக்குமோ, அடிமைப்படுத்துமோ என்பது அதனை ஆள்வோர் கையிலுள்ளது. ஆகலின் மாணவர்காள், பாடநூலின் ஒவ்வொரு விதியையும் ‘இது வளரின் என்னாகும்?’ என வினவிக் கற்பீராக. அவ்விடையைத் தமிழில் எழுதுவீராக என வேண்டுகின்றோம்.