ஆதரவு 4, எதிர்ப்பு 3: ஆனாலும் மசோதா தோற்றது

2021 ஏப்ரலில் கலிஃபோர்னியா மாநில செனட்டின் இயற்கை வளம் மற்றும் நீர்க் குழுவில் எஸ்.பி. 467 என்ற மசோதா ஓட்டெடுப்புக்கு வந்தது. தண்ணீரை மிகுந்த அழுத்தத்தில் பூமிக்குள் செலுத்திப் பாறையைப் பிளந்து எண்ணெய் எடுக்கும் ‘ஃபிராக்கிங்’ முறையைப் படிப்படியாக நிறுத்த வேண்டும் என்றது மசோதா. குடியிருப்புகளுக்கும் பள்ளிகளுக்கும் 2,500 அடிக்குள் எண்ணெய்க் கிணறுகளுக்குப் புதிய அனுமதி கூடாது என்றும் சொன்னது. குழுவில் 9 பேர். நால்வர் ஆதரித்தார்கள், மூவர் எதிர்த்தார்கள். மசோதா அங்கேயே தோற்றுப்போனது.

காரணம், அந்த மாநிலத்தின் விதி. வந்திருப்பவர்களில் பாதிக்கு மேல் என்ற கணக்கு அங்கே செல்லாது. மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் வேண்டும். குழுவில் 5, செனட்டில் 40க்கு 21, கீழவையில் 80க்கு 41. அன்று மீதமிருந்த இருவர் ஓட்டே போடவில்லை. இருவரும் ஆளும் ஜனநாயகக் கட்சிக்காரர்கள். ‘வேண்டாம்’ என்று சொல்லாமலே மசோதாவை வீழ்த்திவிட முடிந்தது.

உறுப்பினர்களின் சுற்றுச்சூழல் ஓட்டுகளை எண்ணி மதிப்பெண் போடும் பழக்கம் அமெரிக்காவில் அரை நூற்றாண்டாக இருக்கிறது. நாடாளுமன்ற அளவில் அதைச் செய்யும் ‘லீக் ஆஃப் கன்சர்வேஷன் வோட்டர்ஸ்’ 1970இல் தொடங்கியது. கலிஃபோர்னியாவில் 1972இல் தொடங்கிய அமைப்பு இன்று ‘கலிஃபோர்னியா என்விரான்மென்டல் வோட்டர்ஸ்’ என்ற பெயரில் இயங்குகிறது. ஆண்டின் முக்கியமான மசோதாக்களைப் பொறுக்கியெடுத்து, ஒவ்வொரு உறுப்பினரும் எத்தனை முறை இயற்கையின் பக்கம் நின்றார் என்று நூற்றுக்கு இவ்வளவு என அச்சிட்டுவிடுகிறார்கள். ஆளுநருக்கும் மார்க் உண்டு. நம் சட்டமன்றங்களில் இது நடக்காத காரியம். இங்கே பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன. கொறடா உத்தரவை மீறினால் பதவியே போகலாம். தனி மனிதரின் ஓட்டு என்று எண்ண அதிகம் மிஞ்சுவதில்லை.

கலிஃபோர்னியாவில் எண்ணலாம், ஆனால் எண்ணத் தெரிந்திருக்க வேண்டும். செனட்டில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஓட்டு வாங்குகிறார்கள். கீழவையில் மேஜையில் பொத்தான்: பச்சை என்றால் ஆதரவு, சிவப்பு என்றால் எதிர்ப்பு. முடிவு மாறாத பட்சத்தில், ஓட்டெடுப்பு முடிந்த பிறகும் கீழவை உறுப்பினர் தன் ஓட்டைச் சேர்க்கலாம், மாற்றிக்கொள்ளலாம். மசோதா தோற்றது உறுதியானபின் பச்சைக்கு மாறுகிறவரை, கடைசிப் பட்டியலை மட்டும் பார்ப்பவர்கள் ஆதரவாளர் என்றே நினைத்துக்கொள்வார்கள்.

இதனால் மதிப்பெண் அட்டையில் முதலில் பார்க்க வேண்டியது ஓட்டுப் போடாதவர்கள் கட்டத்தைத்தான் என்பது என் எண்ணம். உடல்நலம் சரியில்லாமல் விடுப்பு எடுத்தவரும் அங்கே இருப்பார், நழுவியவரும் இருப்பார். அன்று அவையில் வேறு மசோதாக்களுக்கு அவர் ஓட்டுப் போட்டிருக்கிறாரா என்று பார்த்தால் பெரும்பாலும் விளங்கிவிடும். கலிஃபோர்னியா ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் ‘வேண்டாம்’ என்று ஓட்டுப் போடுவது சராசரியாக 1 விழுக்காட்டுக்கும் குறைவு என்று ‘கால்மேட்டர்ஸ்’ என்ற செய்தி நிறுவனம் 2024இல் கணக்கிட்டுச் சொன்னது. எதிர்ப்பைப் பதிவு செய்வதைவிட வராந்தாவில் நின்றுவிடுவது வசதி.

ஓட்டுக்கே வராதவை இன்னும் சிக்கல். 2015இல் எஸ்.பி. 350 மசோதாவில் மூன்று இலக்குகள் இருந்தன: 2030க்குள் மின்சாரத்தில் பாதி புதுப்பிக்கத்தக்க ஆற்றலிலிருந்து வர வேண்டும், கட்டடங்களின் ஆற்றல் சேமிப்பு இரட்டிப்பாக வேண்டும், வாகனங்களின் பெட்ரோலியப் பயன்பாடு பாதியாகக் குறைய வேண்டும். மூன்றாவதை எண்ணெய் நிறுவனங்கள் விளம்பரங்களை அள்ளிவிட்டு எதிர்த்தன. கீழவையில் ஆளும் கட்சியிலேயே ஒரு பிரிவு தயங்கியது. செப்டம்பரில், இறுதி ஓட்டெடுப்புக்குச் சில நாள் முன்பு, அந்தப் பகுதியைத் தலைவர்களே எடுத்துவிட்டார்கள். மிச்சம் சட்டமானது. தயங்கியவர்களும் அதற்கு ஆதரவாக ஓட்டளித்து மார்க் வாங்கிக்கொண்டார்கள். நீக்கப்பட்ட பகுதிக்கு ஓட்டெடுப்பே நடக்காததால் அதற்கு யாரிடமும் மார்க் குறைக்க வழியில்லை.

செலவு அதிகம் பிடிக்கும் மசோதாக்களை நிதி ஒதுக்கீட்டுக் குழுக்கள் ‘சஸ்பென்ஸ் ஃபைல்’ என்ற கட்டில் போட்டு வைக்கின்றன. ஆண்டுக்கு இரண்டு முறை, நூற்றுக்கணக்கான மசோதாக்களின் கதி மளமளவென்று வாசிக்கப்படும். ‘நிறுத்தி வைக்கப்பட்டது’ என்றால் கதை முடிந்தது. காரணம் சொல்ல வேண்டியதில்லை.

இந்த மாதிரி இடங்களில் விவரம் தெரிந்தவர்கள் வேறொரு தாளைப் புரட்டுகிறார்கள். ஒவ்வொரு மசோதாவுக்கும் குழு அலுவலர்கள் ஆய்வுக் குறிப்பு எழுதுவார்கள். அதன் கடைசிப் பக்கங்களில் ஆதரித்தும் எதிர்த்தும் கடிதம் கொடுத்த அமைப்புகள், நிறுவனங்கள், தொழிற்சங்கங்களின் பட்டியல் இருக்கும். அந்த எதிர்ப்புப் பட்டியலையும் குழு உறுப்பினர்கள் வாங்கிய தேர்தல் நன்கொடைக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முன்பெல்லாம் தனித்தனி அலுவலகப் பதிவுகளைத் தேட வேண்டியிருந்தது. 2024இல் கால்மேட்டர்ஸ் தொடங்கிய ‘டிஜிட்டல் டெமாக்ரசி’ தளத்தில் உறுப்பினரின் பெயரைத் தட்டினால் பேச்சு, ஓட்டு, நன்கொடை மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன.