பச்சைப் புல்லும் நச்சு மண்ணும்

தண்ணீர் கிடைக்காதபோது தயம்மும் செய்ய, மண்ணை நமக்குச் சுத்தமானதாக ஆக்கித் தந்தான் அல்லாஹ். அதை நஞ்சாக்குபவன் மனிதன்.

பிரித்தானியாவின் வேல்ஸ் பகுதியில், கொகினான் என்ற பழைய ஈயச் சுரங்கத்தின் கழிவு மண்ணிலும் ஒருவகைப் புல் செழிப்பதை விஞ்ஞானி பிராட்ஷா 1952இல் எடுத்துக்காட்டினார். பின்னர் அப்புல்லின் விதை இத்தகைய நிலங்களை மூட உதவியது.

ஆனால், புல் ஈயத்தை அழிப்பதில்லை. நச்சுத் தூசி காற்றில் பறக்காமலும் மழையில் அடிபட்டுப் போகாமலும் தடுக்கிறது; ஈயம் மண்ணிலும் வேரிலும் தங்கிவிடுகிறது.

நமக்கும் இதில் பாடமுண்டு. பழைய பற்றரி உடைத்த இடம் பச்சையாகிவிட்டதென்று அங்கே கீரை போடாதீர்கள். ஆடு மாடு மேய்க்காதீர்கள். பிள்ளைகளை விளையாட விடாதீர்கள். ஈயம் சிறுவரின் மூளையைப் பாதிக்கும். மண்ணும் அமானிதம், மக்களும் அமானிதம்.